அறிக்கைப் புத்தகம் இல்லாத ஒரு நிறுவனம்

விழா மலர்களில் எழுதிப் பழகியவர்களுக்கு அதன் ஒழுங்கு மனப்பாடம். முதலில் தலைப்பாகையோடு நிறுவுநர் படம். அடுத்து ஆசியுரைகள். பிறகு பொதுக்கூட்ட அறிக்கைகளைத் தூசு தட்டி எடுத்த வரலாறு: இன்ன ஆண்டில் இன்னார் தலைவரானார், இன்ன ஆண்டில் கூரை மாற்றப்பட்டது. கடைசியில் செயற்குழுவின் படம். நிற்பவர் இடமிருந்து வலம், இருப்பவர் இடமிருந்து வலம்.

மலர்க் குழு இம்முறை என்னிடம் கேட்டதும் அப்படியொரு கட்டுரைதான். நம்முடைய கரையோரத்துப் பழைய நிறுவனம் ஒன்றின் வரலாறு வேண்டுமாம். கல்கிசையில் குடியிருப்பவனுக்கு முதலில் நினைவு வருவது சென். தோமஸ் கல்லூரி. 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கி 1918இல் இங்கே இடம்பெயர்ந்த அந்தக் கல்லூரிக்குத் தன் கதையைச் சொல்ல என் உதவி தேவையில்லை. ஆளுநர் மெயிற்லண்டின் மாளிகை ஹோட்டலாகிவிட்டது. அங்கே ஆளுநரின் காதல் கதையைத் தேநீரோடு பரிமாறுகிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கும், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் என்னைவிட நன்றாக எழுதுபவர்கள் நிறையப் பேர். ஆகவே இஸ்ஸோ வடை வண்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தொலைபேசியின் மறுபக்கம் செயலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எழுதுங்கோ அண்ணை. ஆனா மலருக்கு ஏத்த மாதிரி வடிவா எழுதுங்கோ."

வடிவாக எழுதுவதென்றால் சாசனத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்த நிறுவனத்துக்கும் ஏறத்தாழ ஒரு சாசனம் உண்டு. காலி முகத்திடலின் நடைபாதையோரம் ஒரு கல் நிற்கிறது. சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி இதைப் பேணுமாறு தனக்குப் பின்வரும் ஆளுநர்களுக்குப் பரிந்துரைப்பதாகவும் அதில் பொறித்திருக்கிறார்கள். வடையைப் பற்றி ஒரு சொல் இல்லைத்தான். ஆனால் பெண்களும் குழந்தைகளும் மாலையில் காற்று வாங்க வரும் இடத்தில் தின்பண்டக்காரன் வந்து நிற்காமல் எங்கே போவான்? ஆளுநர் தன்னை அறியாமலே அனுமதி கொடுத்துவிட்டார் என்றுதான் நான் அந்தக் கல்லை வாசிக்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் இது குதிரைப் பந்தயத் திடல். பந்தயம் 1893இல் வேறிடம் போனது. தெற்கு மூலையில் 1864இல் வந்த காலி முக ஹோட்டல் இன்னமும் இருக்கிறது. வடக்கு முனையில் 1930இல் திறந்த சட்டவாக்கப் பேரவைக் கட்டடம், பிறகு நாடாளுமன்றமாகி, இப்போது ஜனாதிபதி செயலகமாக இருக்கிறது. இந்த இரண்டு பெரிய கட்டடங்களுக்கும் இடையில் அரைக் கிலோமீற்றர் புல்லும் புழுதியும் கடற்காற்றும். அந்த அரைக் கிலோமீற்றரில்தான் நமது நிறுவனத்தின் தலைமையகம். கிளைகள் கல்கிசைக் கடற்கரையில், தண்டவாளத்தைக் கடந்து மணலில் கால் வைக்கும் இடங்களில். பிறகு கரையோர ரயில் பெட்டிகளுக்குள், கூடையைத் தோளில் அணைத்தபடி "வடே வடே வடே" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறவரின் கையில்.

செய்முறையைச் சொல்லாமல் நிறுவன வரலாறு எழுத முடியாது. மைசூர்ப் பருப்பை ஊறவைத்துப் பரும்படியாக அரைத்து, கோதுமை மா கொஞ்சம் கூட்டி, வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய் இடித்துப் போட்டுப் பிசைவார்கள். பிசைந்ததை உள்ளங்கையில் வைத்து அமத்தினால் அப்பளத்தை விடச் சற்றுத் தடித்த வட்டம். அதன்மேல் இறால், ஓட்டோடு, தலையோடு, மீசையோடு. சிறிய இறால் என்றால் மூன்று நான்கு. கொழுத்தது என்றால் ஒன்றே நடுவில் வளைந்து படுத்திருக்கும். தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே போட வேண்டும். இல்லாவிட்டால் இறால் கழன்று தனியே நீந்தும். பொரித்த வடைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக, இறால் மேலே தெரிய அடுக்குவார்கள். இன்றைக்கு அந்த அடுக்கில் பொரித்த நண்டும் கணவாயும் கூடச் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் கேட்ட பிறகு அந்த வடை இன்னொரு தரம் எண்ணெய்க்குள் இறங்கும். பிறகு கத்தரித்து, மேலே வெங்காயமும் பச்சை மிளகாயும் வினாகிரியும்.

இரண்டாம் பொரியலில்தான் விஷயம் இருக்கிறது. முதல் பொரியல் பருப்பை வேகவைக்க. இரண்டாவது ஓட்டை முறுக்க. இறாலின் ஓடு முறுகினால் அதை உரிக்க வேண்டியதில்லை. தலையைக் கூடப் பல்லுக்கிடையில் வைத்து நொறுக்கலாம். கடற்காற்றில் எதுவும் அரை மணிக்கு மேல் மொறுமொறுப்பாக இராது என்பதைக் கண்டவர்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் இது. வீட்டில் செய்து பார்த்த என் மனைவி, எல்லாம் சரியாக வந்தும் ஏதோ குறைகிறது என்றாள். உப்புக் காற்றுத்தான் குறைந்தது என்றேன். அதற்குப் பிறகு அவள் செய்யவில்லை.

காகிதத்தையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் பள்ளிக்கூடக் கொப்பித் தாள்தான் தட்டு. பக்கத்து வண்டியில் கடலையும் கச்சானும் போடும் கோதுக்கும் அதே தாள். எங்கோ ஒரு பிள்ளை எழுதிய கூட்டல் கணக்கு, ஆசிரியை சிவப்பு மையால் போட்ட சரி அடையாளம், அதன்மேல் எண்ணெய் பரவிப் பின்பக்கத்துச் சிங்கள எழுத்து முன்பக்கத்துக்குத் தெரியும். நான் சிங்களம் வாசிக்கப் பழகியதில் கடலைச் சுருளுக்குக் கணிசமான பங்கு உண்டு.

இனிப் பெயர். இஸ்ஸோ சிங்களம், வடை தமிழ். யாழ்ப்பாணத்து வீடுகளில் இதை றால் வடை என்பார்கள். ஆனால் திடலில் நின்று றால் வடை கேட்ட தமிழனை நான் கண்டதில்லை. தமிழை ஒரு கணம் வைத்துவிட்டு இஸ்ஸோவை எடுத்துக்கொள்கிறோம். சிங்களவர் இஸ்ஸோவோடு நம்முடைய வடையைச் சேர்த்து "வடே" என்று இழுக்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் முஸ்லிம் நானாவாகவோ ஒரு சிங்கள ஐயாவாகவோ இருப்பார். அவர் மூன்று மொழியிலும் காசு எண்ணுவார்.

இதே புல்தரையில்தான் 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்த நாளில், செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை அடித்துக் கலைத்தார்கள். சட்டம் அவ்வாண்டின் 33ஆம் இலக்கமாக நிறைவேறியது. என் பெரியப்பா அன்று கோட்டையில் கந்தோரில் இருந்தவர். வேலை முடிந்து வழமையாகத் திடல் வழியே நடந்து போய்ப் பஸ் எடுப்பவர், அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த வழியால் நடக்கவில்லை. சிங்களப் பரீட்சை எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை, வேலையை விட்டார். அறுபதுகளின் பிற்பகுதியில் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு திடலுக்கு வந்தபோது வண்டியடியில் நின்று அவர் கேட்டது "இஸ்ஸோ வடே துனக்" என்றுதான். மூன்று. பரீட்சைக்கு எழுத மறுத்த மொழியை வடைக்குப் பேசினார். அதைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை.

சைவப் பிரச்சினை தனியாக ஒரு அத்தியாயத்துக்கு வரும். வடை எங்கள் சமையலறையில் வைரவருக்கு மாலையாகப் போவது. அதன்மேல் இறாலை வைத்தவன் யாராயினும் அஞ்சா நெஞ்சன். வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி மரக்கறி, கோயில் கொடியேறினால் மரக்கறி. இருந்தும் வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகள் கடற்கரைக்குப் போக அடம்பிடித்தால் மாமியார் என்ன செய்வார்? எனக்குத் தெரிந்த ஒரு மாமி, இறாலைக் கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டு வடையை மட்டும் தின்பார். "ஒரே எண்ணெயில பொரிஞ்சதெல்லோ, மாமி?" என்று கேட்டதற்கு, "எண்ணெய் தாவரமடா" என்றார். அதே வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கும் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு இறைச்சிதான் விலக்கு, இறாலுக்குத் தடையில்லை. ஆகவே ஒரே வண்டியின் இருபக்கமும் நின்று ஒருவர் நோன்புக்காக இறாலைக் கழற்றுவார், மற்றவர் நோன்பைக் காத்துக்கொண்டே இறாலைக் கடிப்பார்.

கொழும்புத் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அவ்வளவு பழக்கமில்லை. அங்கே ஜிந்துப்பிட்டியின் நாடகக் கொட்டகை நினைவுகளும், கொச்சிக்கடை அந்தோனியாரின் ஜூன் 13 திருநாளும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலும். இங்கே வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்து ஒழுங்கைகளில் தங்கிவிட்டவர்கள். அவர்கள் பேச்சில் நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்கள் பேச்சில் அவர்கள் கொட்டாஞ்சேனையார். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் அதிகம் போய்வந்ததில்லை. ஞாயிறு மாலை, வடக்கிலிருந்து ஒரு பஸ்ஸும் தெற்கிலிருந்து ஒரு பஸ்ஸும் கொண்டுவந்து இறக்க, வண்டியடி வரிசையில் முழங்கை இடித்ததுதான் பல காலம் எங்களுக்கிடையே இருந்த உறவு.

உலகத்தில் இப்படிப்பட்ட நிறுவனம் இது மட்டுமல்ல. நியூயோர்க்கின் கோனி தீவுக் கடற்கரையில் நேதன் ஹான்ட்வெர்க்கர் என்ற போலந்து யூதர் 1916இல் ஒரு ஹொட் டோக் கடை போட்டார். தான் முன்பு வேலை பார்த்த பெரிய உணவகம் 10 சதத்துக்கு விற்றதை 5 சதத்துக்குக் கொடுத்தார். கடல், காற்று, விடுமுறைக் கூட்டம், கையில் பிடித்துத் தின்னும் சூடான பண்டம்: காலி முகத்தின் பங்காளி வீடுதான் அது. 1939இல் அமெரிக்கா போன ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கு, நம்முடைய பழைய சதங்களில் தலை பொறித்த அதே மன்னருக்கு, ரூஸ்வெல்ற் தம்பதியர் ஹொட் டோக் கொடுத்து உபசரித்தார்கள். நமது வண்டிக்கு அப்படியொரு ராச யோகம் வாய்க்கவில்லை.

ரொறன்ரோவில் ஒரு ஹொட் டோக் வண்டியடியில் நானும் நின்றிருக்கிறேன். எண்பத்து மூன்றுக்குப் பிறகு ஸ்காபரோவில் குடியேறிய தம்பி, நகரசபைச் சதுக்கத்துக்கு அருகே கூட்டிக்கொண்டு போனான். குடைக்குக் கீழே இரும்பு வண்டி, தணலில் கீறிக்கீறிச் சுட்ட சொசேஜ், பணிஸ். வண்டியின் விளிம்பில் கிண்ணங்களில் வெங்காயம், புளித்த கோவா, ஊறுகாய் வெள்ளரி, உறைப்பு மிளகாய். வாங்குபவர் தானே அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். விற்றவர் ஆப்கானியராக இருக்கலாம், முகத்தைப் பார்த்து ஊர் கண்டுபிடிப்பதை நான் விட்டுவிட்டேன். தம்பி சொன்னான்: "அண்ணை, இதுதான் இங்கத்தைய இஸ்ஸோ வடை. தலையில்லாத இஸ்ஸோ." 2007 வரை ஒன்ராறியோச் சட்டப்படி அந்த நகரத்து வீதியில் இப்படிச் சொசேஜைத் தவிர வேறெதையும் சமைத்து விற்க வழியில்லாமல் இருந்ததாம். பிறகு சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2009இல் நகரசபையே பல நாட்டு உணவுக்கென எட்டு வண்டிகளை இறக்கி, விதிமேல் விதி போட்டு, 2011இல் திட்டத்தை மூடியது. பழைய சொசேஜ் வண்டிகள் அங்கேயே நின்றன. இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குக் கொழும்பு நினைவு வந்தது. புறக்கோட்டை நடைபாதை வியாபாரிகளை 2014இல் மிதக்கும் சந்தைக்குள் அழகாக இருத்திய படங்களைப் பத்திரிகையில் பார்த்தவர்களுக்கும் வரும்.

ஒழுங்கான நிறுவனங்களுக்கு ஆண்டறிக்கை உண்டு. நமது வண்டியின் ஆண்டறிக்கை, அது தள்ளப்படாத நாட்களில் இருக்கிறது.

1983 ஜூலை 25இலிருந்து பல நாட்கள் ஊரடங்கு. வெள்ளவத்தையில் எரிந்தது எது, எஞ்சியது எது என்று இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆண்டு நாங்கள் திடலுக்குப் போகவில்லை, அடுத்த ஆண்டும் இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், திடலுக்கு நேர் எதிரே ஷங்ரி-லா ஹோட்டல், பிற்பகலில் தெஹிவளை. நமது வண்டிக்கு ஆட்களை அனுப்பும் அத்தனை ஊர்களையும் ஒரே நாளில் குண்டுவெடிப்பு தொட்டுச் சென்றது. அதற்குப் பின் பல மாதம் நானாமார் வண்டியடியில் சிங்கள வாடிக்கையாளரும் தமிழ் வாடிக்கையாளரும் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அன்று வாங்காமல் வந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்வதுதான் நியாயம்.

2020 மார்ச் 20இல் கொரோனா ஊரடங்கு. ஆட்களற்ற கல்கிசைக் கடற்கரையில் அந்தக் காலத்தில் குழாய் வழியே கடல் மணலைக் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். கரை அகன்றது, நிற்க வண்டிதான் இல்லை. ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுப் பரவ, மீன் என்ற பெயரைக் கேட்டாலே ஓடினார்கள். நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். சனங்கள் சிரித்தார்கள். வடைக்காரர் சிரிக்கவில்லை, யாராவது ஒருவர் தன் தொழிலுக்காகக் கடித்தாரே என்றார்.

2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பற்றி, ஜூன் தொடக்கத்தில் மூழ்கியது. பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரை நெடுக ஒதுங்கின. இறாலின் வயிற்றுக்குள் என்ன இருக்குமோ என்று மறுபடியும் பயம்.

2022 வேறு மாதிரி. ஏப்ரல் 9இல் இளைஞர்கள் ஜனாதிபதியைப் போகச் சொல்லித் திடலில் கூடாரம் போட்டுக் கோட்டாகோகம அமைத்தார்கள். கூடாரங்களில் நூலகம், பொதுச் சமையலறை எல்லாம் வந்தன. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் வரிசை, எண்ணெய் விலை மேலே. ஆனால் திடலில் அதுவரை காணாத சனம். மே 9இல் கூடாரங்களை அடித்து நொறுக்கியபோது 1956இன் புல்தரை ஞாபகம் வந்த கிழவன் நான் ஒருவன் மட்டும் அல்ல என்று நம்புகிறேன். ஜூலை 14இல் ஜனாதிபதி பதவி விலகினார். 22ஆம் திகதி விடியமுன் படையினர் செயலக வாசலைத் துப்புரவாக்கினார்கள்.

கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்ததால் கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை கல்கிசையில் ரயில் ஏறினேன். தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று கடல் இடப்பக்கம் கூடவே வந்தது. கொம்பனித்தெருவில் இறங்கி நடந்தேன். திடலில் நின்றால் முன்போல் கடல் முழுதாகத் தெரிவதில்லை. வடமேற்கே 269 ஹெக்ரெயர் கடலை மூடித் துறைமுக நகரம் முளைத்திருக்கிறது; முதுகுப் பக்கம் கண்ணாடிக் கோபுரங்கள். நடுவில் பட்டம், பந்து, கைக்குழந்தை, குடைக்குள் காதலர்.

வழமையான நானாவிடம் போனேன். தலை நரைத்துவிட்டது, பக்கத்தில் மகன் தாச்சி பார்க்கிறான்.

"உறைப்புக் கூடப் போடவா, சேர்?"

"போடுங்க நானா. மலர் ஒண்டுக்கு உங்கட வண்டியப் படம் எடுக்க வேணும்."

"என்ன மலர்?"

விளக்கினேன். நிறுவனங்களின் வரலாறு என்றதும் அவர் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்துக் கண்ணாடியின் உப்புப் படலத்தைத் துடைத்தார். உள்ளே கைவிட்டு, தாறுமாறாகக் கிடந்த வடைகளை எடுத்து மறுபடி அடுக்கினார், எல்லா இறால் தலையும் ஒரே பக்கம் பார்க்கும்படி. மகனைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார். பிறகு வண்டியின் இடப்புறம் தானும் வலப்புறம் மகனுமாக, கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார். செயற்குழுப் படம் எடுக்கும்போது நாங்கள் நிற்பது போலவே.

"கீழே பேர் போட வேணுமே, நானா."

"பேர் வாணாம் சேர். ஏவாரம் நாளைக்கு மகன்ட, அதுக்குப் பொறகு யார்டயோ. வண்டி நம்பரப் போடுங்க."

எண்ணைக் குறித்துக்கொண்டேன். வடை ஆறிக்கொண்டிருந்தது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்ததால் இன்னொன்று சொன்னேன்.